பெரியம்மாவால ஏலாதாம்

சமர் லீவுக்கு, அதுதான் கோடை விடுமுறைக்கு, எங்கை போறது எண்ட கதை எங்கட வீட்டிலை தைப்பொங்கலோடையே துவங்கிவிடும். சிரிக்காதேங்கோ. நான் வேலை செய்யிறது முதியோர் இல்லத்திலை. வருசம் பிறந்து மூச்சு விட முன்னம் "உனக்கு எப்ப உர்லாப் வேணும், கெதியாச் சொல்லு" எண்டு மேலாள் வந்து நிப்பாள். பள்ளிக்கூடம் பூட்டுற கிழமைகளுக்குள்ளை லீவு வேணுமெண்டு பிள்ளை பெத்த எல்லாரும் அங்கை அடிபடுவினம். மனுசனுக்குத் தொழிற்சாலை, அங்கையும் இதே சண்டை. ரெண்டு சண்டையிலும் வெண்டு, ரெண்டு பேருக்கும் ஒண்டா ரெண்டு கிழமை கிடைச்சால் அதுதான் எங்களுக்குச் சமர்.

அந்த முறை கிடைச்சிட்டுது. ஜேர்மனியிலை நாங்கள் இருக்கிற ஹம்மிலையிருந்து காரிலை வெளிக்கிட்டு, பிரான்சுக்குள்ளை பூந்து ஸ்ட்ராஸ்பூர்க் பக்கம் கொஞ்ச நாள் நிண்டு, பேந்து சுவிசுக்குள்ளை ஏறி, ஏரி மலையெல்லாம் பாத்துத் திரும்பி வாறது எண்டு முடிவு. மூத்தவளுக்குப் பதினாறு வயசு, பள்ளிக்கூடத்திலை பிரெஞ்சு படிக்கிறாள், அதை அங்கத்தைய கடைக்காரரிட்டைப் பேசிக் காட்டவேணும். சின்னவனுக்கு மலை ஏறுற ரயில் வேணும். மனுசனுக்கு ரோட்டு இருந்தால் போதும், பூமி முடியிற இடமட்டும் ஓடுவார்.

எனக்கு மலையும் வேண்டாம், ஏரியும் வேண்டாம். அக்கா வீட்டுக் குசினிக்குள்ளை ஒரு கதிரையைப் போட்டு ஒருக்கா இருக்கவேணும். அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதை மூடி மறைக்கப் போட்ட துணி.

அக்கா சுவிசிலை. அம்மா அப்பா போனாப் பிறகு எனக்கு எண்டு மிச்சமிருக்கிற ரத்தம் அவ ஒருத்திதான். அந்த ஒருத்தியோடைதான் நான் வருசக்கணக்கா முகம் குடுத்துக் கதைக்கேல்லை. என்ன பெரிய கொலையோ களவோ? ஒண்டுமில்லை. அவவின்ர மகள் பெரியபிள்ளையாகிச் செய்த சாமத்தியவீட்டுக்கு எங்களுக்குத் தபாலிலை அழைப்புக் காட் வந்தது. வடிவான காட், தங்க எழுத்து. ஆனால் போன் வரேல்லை. கூடப்பிறந்தவளுக்குக் காட் அனுப்புறதோ? வாயைத் திறந்து "வாங்கோ" எண்டு ஒரு சொல்லுச் சொல்லக்கூடாதோ? நான் போகேல்லை. தங்கச்சி வராத சபையிலை தான் தலை குனிஞ்சு நிண்டதெண்டு அக்கா ஆரிட்டையோ சொல்லி, அது சுத்திக்கொண்டு என்னட்டை வந்தது. அவ்வளவுதான் கதை. அதுக்குப் பிறகு பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் போன், "சாப்பிட்டாச்சோ, பிள்ளையள் படிக்கினமோ, சரி வைக்கிறன்."

அந்தப் பொங்கலுக்கு மட்டும் வைக்க முன்னம் அக்கா கேட்டா, "சமருக்கு என்ன பிளான்?" எண்டு.

நான் போனை வைச்சிட்டு மனுசனிட்டைச் சொன்னன். அவர் உடனை, "அதுதான் கூப்பிடுறா. போவம்" எண்டார்.

"சமருக்கு என்ன பிளான் எண்டால் வாங்கோ எண்டு அர்த்தமோ? எந்த ஊரிலை?"

"உமக்கு அக்கா வந்து வெத்திலை வைச்சு அழைக்கவேணுமோ?"

"வெத்திலை வேண்டாம். வாய் இருக்குத்தானே, வாய்."

ஆனாலும் எனக்குள்ளை ஒரு குதி குதிச்சது உண்மை. அண்டைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு நான் ஏன் பால்அப்பம் சுட்டனெண்டு வீட்டிலை ஒருத்தருக்கும் விளங்கேல்லை. மனுசனுக்கு மட்டும் விளங்கினது, அவர் அஞ்சு அப்பம் திண்டார். சுவிஸ் பெருந்தெருவிலை ஓடுறதுக்குக் காரின்ர முன் கண்ணாடியிலை ஒட்டவேண்டிய ஸ்டிக்கரையும் போய் வாங்கிக்கொண்டு வந்து காருக்குள்ளை வைச்சிட்டார். அந்தாளுக்கு எல்லாத்திலும் அவசரம்.

ஈஸ்டர் கழிஞ்சு இடங்களைப் பதியிற நேரம் வந்தது. பிரான்சிலை வீடு பதிஞ்சாச்சு. சுவிசிலை எந்தக் கிழமை எண்டு அக்காவைக் கேட்டால்தான் மற்றதை முடிவாக்கலாம். நான் போன் எடுக்கமாட்டன். "வரட்டோ?" எண்டு நானே வாய் விட்டுக் கேக்கிறதோ? மூத்தவளைப் பிடிச்சன்.

"நீ பெரியம்மாவுக்கு எடுத்து, லீவிலை எந்தக் கிழமை வீட்டிலை நிக்கிறியள் எண்டு கேள். சும்மா கேக்கிற மாதிரிக் கேள். வடிவான தமிழிலை கதை, சரியோ? டொச் பாசையைக் கலக்காதை. பிறகு என்னைத்தான் குறை சொல்லுவினம், பிள்ளைக்குத் தமிழ் பழக்கேல்லையெண்டு."

சும்மா சொல்லக்கூடாது, அவள் தமிழ் படிச்ச பிள்ளை. சனிக்கிழமை விடிய விடியக் குளிருக்குள்ளை தமிழ்ப் பாடசாலைக்கு இழுத்துக்கொண்டு போனது நான்தானே.

நான் குசினியிலை வெங்காயம் வெட்டிக்கொண்டு நிக்கிறன். ஒரு காதிலை ஏதோ பாட்டைக் கொழுவிக்கொண்டு அவள் வந்தாள்.

"பெரியம்மா எடுக்கேல்லை. பெரியப்பாதான் கதைச்சவர்."

"என்னவாம்?"

"பெரியம்மாவால ஏலாதாம்."

கத்தியைக் கீழை வைச்சன்.

"வேறை?"

"அம்மாட்டைச் சொல்லு எண்டவர். நேரம் கிடைச்சால் எடுக்கச் சொன்னவர்."

"வரச்சொல்லி ஒரு சொல்லும் சொல்லேல்லையோ?"

"இல்லை. அவருக்கு அவசரம் போலை கிடந்தது." சொல்லிப்போட்டு அப்பிள் ஒண்டை எடுத்துக் கடிச்சுக்கொண்டு போட்டாள்.

பாருங்கோ கதையை. ஏலாதாம். கூடப்பிறந்தவள், அவளின்ர புருசன், ரெண்டு பிள்ளையள், நாலு சீவன் வந்து நாலு நாள் நிக்க அவவால ஏலாதாம். அதையும் தன்ர வாயாலை சொல்ல ஏலாமல் புருசனை விட்டுச் சொல்லுவிக்கிறா. நான் அழுதன், வெங்காயத்திலை பழியைப் போட்டுக்கொண்டு நல்லாத்தான் அழுதன். பிறகு கண்ணைத் துடைச்சுப்போட்டு ஏசத் துவங்கினன்.

மனுசன் வேலையாலை வந்து சப்பாத்துக் கழட்ட முன்னமே எல்லாத்தையும் கொட்டினன். அவர் ஒற்றைச் சப்பாத்தோடை நிண்டு கேட்டார்.

"ஒருக்கா எடுத்துக் கதையுமன். எடுக்கச் சொன்னவராம்தானே."

"என்னத்தைக் கதைக்க? ஏலாது எண்டதை என்ர காதாலையும் ஒருக்காக் கேக்கவோ?"

"அப்ப நான் எடுக்கிறன்."

"எடுத்துப் பாருங்கோ! எடுத்தியளெண்டால் நான் இந்த வருசம் ஒரு இடமும் வரமாட்டன். நீங்களும் பிள்ளையளும் போய் மலையைப் பாருங்கோ."

எடுக்கேல்லை, பாவம். அவர் சண்டைக்குப் பயந்த மனுசன், நான் சண்டைக்குப் பிறந்தவள்.

அடுத்த சனிக்கிழமை நான் புதுப் பிளான் போட்டன். சுவிசும் வேண்டாம் பிரான்சும் வேண்டாம். ஒல்லாந்து, பெல்ஜியம். கிட்டத்து நாடு, கடல் இருக்கு, எங்கட ஆக்கள் ஒருத்தரிட்டையும் போய்க் கையேந்தத் தேவையில்லை. மடிக்கணினியை மேசையிலை வைச்சு எல்லாரையும் கூப்பிட்டன். சின்னவன் கடல் எண்டதும் ரயிலை மறந்திட்டான். மூத்தவள், "பெல்ஜியத்திலும் பிரெஞ்சு கதைப்பினம்" எண்டு சமாதானமாயிட்டாள். மனுசன் மட்டும் பிடி குடுக்கேல்லை. ஒல்லாந்துக் கடற்கரையிலை நான் காட்டின வீடு ஒவ்வொண்டுக்கும், "ம்… காத்துக் கூடவெல்லோ அடிக்கும்" எண்டார். எல்லா வீட்டுக்கும் அதே காத்து.

"பிரான்ஸ் வீட்டை இன்னும் விடேல்லையோ நீங்கள்?"

"விடுவம். நாள் கிடக்குத்தானே."

"அந்த ஸ்டிக்கரையும் குப்பைக்குள்ளை போடுங்கோ."

"அது காருக்குள்ளை தன்ர பாட்டிலை கிடக்குது. உம்மட்டைச் சோறு கேக்குதோ?"

"உங்களுக்கு நான் சொல்லுறது விளங்குதோ இல்லையோ? என்னை வேண்டாமெண்டவவின்ர வாசல்லை நான் போய் நிக்கமாட்டன்!"

சின்னவன் எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தான். மனுசன் எழும்பினார். கதவடியிலை நிண்டு, சத்தம் போடாமல் சொன்னார், "உமக்கு ஒரு அக்காதான். அதைமட்டும் யோசியும்."

"அவவுக்கும் ஒரு தங்கச்சிதான். அவவும் யோசிக்கட்டும்."

பிரான்ஸ் வீட்டை நானே விட்டன். பதிவை ரத்துச் செய்யிற பட்டனை அமத்திப்போட்டு மடிக்கணினியை மூடினன்.

அதுக்குப் பிறகு வீட்டுக்குள்ளை ஒரு மாதிரித்தான். பயணத்தைப் பற்றிக் கதை வந்தால் ஒராள் தண்ணி குடிக்கப் போகும், மற்றாள் உடுப்பு மடிக்கும். நான் விடேல்லை. ஒல்லாந்துக் கடலின்ர படத்தைத் தேடி எடுத்து என்ர போன் ஸ்டேட்டசிலை போட்டன், "எங்கட சமர்" எண்டு எழுதி, ஒரு சூரியனும் வைச்சு. ஆருக்காகப் போட்டனெண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வேலையிலை கிழவிகளுக்குத் தேத்தண்ணி குடுக்கிறதுக்கிடையிலும் எடுத்து எடுத்துப் பாத்தன், ஆர் ஆர் பாத்தவையெண்டு. பேர்லினிலை இருக்கிற கூட்டாளி பாத்திட்டாள். கெல்சென்கிர்ச்சனிலை மீன்கடை வைச்சிருக்கிற அண்ணை கூடப் பாத்திட்டார். அக்கா பாக்கேல்லை. அடுத்த நாள் பெல்ஜியம் போட்டன். அதையும் பாக்கேல்லை. அவ்வளவு கொழுப்பு, பாத்தியளோ? நான் உயிரோடை இருக்கிறனோ எண்டு பாக்கவும் அவவுக்கு மனமில்லையெண்டு நினைச்சன். பேந்து படம் போடுறதையும் விட்டிட்டன். ஒருநாள் வேலையிலை ஒரு அம்மா என்ர கையைப் பிடிச்சுத் தன்ர தங்கச்சியின்ர பேரைச் சொல்லிக் கூப்பிட்டா. நான் போய்ச் சாமான் அறைக்குள்ளை நிண்டிட்டு வந்தன்.

இஞ்சை ஹம்மிலை எங்கட அம்மன் கோயில் தேர் வந்தது. தேருக்கு எண்டால் சுவிஸ், பிரான்ஸ், டென்மார்க் எண்டு எங்கையெங்கையோ இருந்தெல்லாம் சனம் வரும். ரோட்டுக் கரையெல்லாம் கார், பொலிஸ் நிண்டு கையைக் காட்டி விடும், நடுவிலை எங்கட சனம் பட்டுச் சீலையோடை வெயிலுக்குள்ளை வெறுங்காலோடை போகும். நான் அருச்சனைத் தட்டோடை நிக்கேக்கை பின்னாலை ஒரு மனுசி தோளிலை தட்டினா. அக்கா வீட்டுக்குப் பக்கத்து வீடு, முந்திப் போகேக்கை கண்டிருக்கிறன்.

"சுகமோ? எங்கை, அக்காவுக்கு இப்ப எப்பிடி?"

எனக்குச் சுர்ரெண்டு ஏறிச்சுது. "அவவுக்கென்ன? நல்லாத்தான் இருப்பா. என்னட்டை ஏன் கேக்கிறியள், பக்கத்து வீடு நீங்கள்தானே."

அந்த மனுசியின்ர முகம் மாறிச்சுது. ஒரு எட்டுப் பின்னாலை வைச்சா.

"இல்லை… ஒப்பரேசனுக்குப் பிறகு நான் ஒருக்காத்தான் போய்ப் பாத்தனான். நெஞ்சு ஒப்பரேசன் லேசான காரியமோ? அதுதான் உங்களிட்டைக் கேட்டனான், சொந்தத் தங்கச்சியெண்டு."

மேளம் அடிக்குது, சனம் அரோகரா எண்டுது, எனக்கு ஒண்டும் கேக்கேல்லை. அந்த மனுசிக்கு என்ன சொல்லிப்போட்டு வந்தனெண்டும் தெரியாது. தட்டை ஆரிட்டையோ குடுத்தன். சனத்துக்குள்ளை இடிச்சுத் தள்ளிக்கொண்டு போய் மோர்ப்பந்தலடியிலை நிண்ட மூத்தவளின்ர கையைப் பிடிச்சு இழுத்தன்.

"பெரியப்பா அண்டைக்கு என்ன சொன்னவர்? நீ சொல்லுறதை விடு, அந்தாள் சொன்னதை அப்பிடியே சொல்லு!"

"எண்டைக்கு? விடுங்கோ அம்மா, நோகுது…"

"பெரியம்மாவுக்கு எடுத்தாய்தானே! என்ன சொன்னவர்?"

"ஏலாது எண்டவர். பெரியம்மாவுக்கு ஏலாது எண்டு."

"பெரியம்மாவுக்கோ, பெரியம்மாவாலையோ?"

அவள் முழிச்சாள். "பெரியம்மாவுக்கு எண்டுதான் அவர் சொன்னவர். ஆனால் அது பிழையெல்லோ. முடியாது எண்டால் 'ஆல்' போடவேணும், என்னால் இயலாது, உன்னால் இயலாது. தமிழ் ரீச்சர் எத்தினைதரம் சொன்னவ. நான் திருத்திச் சொன்னனான். நீங்கள்தானே வடிவான தமிழிலை கதை எண்டனீங்கள்."

எனக்குச் சிரிக்கிறதோ தலையிலை அடிக்கிறதோ தெரியேல்லை. எங்கட ஆக்கள் "அவவால ஏலாது" எண்டால் ஒரு காரியம் செய்ய முடியாது. "அவவுக்கு ஏலாது" எண்டால் ஆளுக்கு வருத்தம், உடம்பு சரியில்லை. இதை ஒருத்தரும் பள்ளிக்கூடத்திலை படிப்பிக்கிறேல்லை, வருத்தக்காரர் இருக்கிற வீட்டிலை கேட்டுக் கேட்டு வாறது. என்ர வீட்டிலை அவள் கேட்ட ஏலாது எது? புதுப் போன் வாங்க ஏலாது, கூட்டாளி வீட்டிலை போய்ப் படுக்க ஏலாது. அந்தாள் நோயைச் சொல்லியிருக்கிறார், இவள் இலக்கணத்தைத் திருத்தி என்னட்டை மறுப்பாக் கொண்டு வந்து தந்திருக்கிறாள்.

"ஏன் அம்மா? என்ன நடந்தது?"

"பெரியம்மாவுக்கு நெஞ்சு ஒப்பரேசன் நடந்திருக்கடி."

அவளின்ர வாய் கோணி, சின்னப் பிள்ளை மாதிரி அழத் துவங்கினாள். நான் அவளை அணைச்சுப் பிடிச்சுக்கொண்டு மனுசனைத் தேடினன். அவர் எங்களைக் கண்டிட்டு ஒண்டும் கேளாமல் காரடிக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். சின்னவன் கச்சான் கடலைப் பையோடை பின்னாலை வந்தான். முன் சீற்றிலை இருந்து நான் அக்கா வீட்டு இலக்கத்தை அமத்தினன். மணி அடிக்குது, அடிக்குது. எடுக்காட்டில்? எடுத்து வேறை ஏதாவது சொன்னால்?

அத்தான் எடுத்தார். "ஆ… நீரோ."

"அத்தான், அக்காவுக்கு என்ன? இப்ப எப்பிடி?"

"பிள்ளையிட்டை அண்டைக்கே சொல்லிவிட்டனான்தானே."

"அது… பிள்ளை மாறி… நான் வேறை மாதிரி விளங்கி…" என்னத்தைச் சொல்ல? ஒரு உருபு மாறிப்போச்சு அத்தான் எண்டு சொல்லவோ?

"சரி, விடும்" எண்டார். அந்தக் குரலிலை கோவமில்லை, அதுதான் எனக்குத் தாங்கேல்லை. "இப்ப வீட்டை வந்திட்டா. மெல்ல மெல்ல நடக்கிறா. பாரம் ஒண்டும் தூக்க விடுறேல்லை." பிறகு ஒரு கதவு சாத்துற சத்தம் கேட்டுது. அத்தான் குரலைக் குறைச்சார்.

"உம்மட்டை ஒண்டு சொல்லவேணும். ஒப்பரேசன் நாளண்டு உள்ளுக்குக் கொண்டுபோக முன்னம் கேட்டவ, தங்கச்சி எடுத்தவளோ எண்டு. நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன். அந்த நேரத்திலை அந்த முகத்தைப் பாத்துக்கொண்டு வேறை என்னத்தைச் சொல்ல? அவ இன்னும் அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறா. நீர் அதை உடைச்சுப்போடாதையும்."

நான் ஓமெண்டோ இல்லையெண்டோ சொல்ல முன்னம் அங்காலை அக்காவின்ர குரல். "ஆரப்பா அது, ஒளிச்சு நிண்டு கதைக்கிறியள்?"

"உம்மட தங்கச்சி."

போன் கை மாறிச்சுது. மூச்சு மட்டும் கேட்டுது, பெரிய மூச்சு. பிறகு, "என்னடி" எண்டா. அந்த ஒரு சொல்லிலையே தெரிஞ்சுது, அக்காவின்ர குரலிலை பாதிதான் மிச்சம்.

"அக்கா…"

"எங்கை நிக்கிறாய், மேளம் கேக்குது?"

"தேரக்கா."

"ஓம் என்ன, இண்டைக்குத் தேர். நாள் கிழமை ஒண்டும் நினைவில்லை எனக்கு." மூச்சு வாங்கினா. "அண்டைக்கு நீ எடுத்தனியாம். அத்தான் சொன்னவர்."

பின் சீற்றிலை மூத்தவள் அழுகையை நிப்பாட்டிப்போட்டு என்னையே பாத்துக்கொண்டிருக்கிறாள். என்ர வாய்க்குள்ளை எல்லாம் வந்து நிக்குது. நான் எடுக்கேல்லையக்கா, உங்கட நெஞ்சைத் திறந்து வைச்சிருந்த நேரம் நான் ஒல்லாந்துக் கடலுக்குச் சூரியன் வைச்சுக்கொண்டிருந்தனான் எண்டு. ஒருத்தருக்கும் பொய் சொல்லாத வாய் எண்டு எனக்குப் பெரிய எடுப்பு. உண்மையைச் சொன்னால் எனக்குத்தான் பாரம் இறங்கும், அவவுக்கு ஏறும். பாரம் தூக்கக்கூடாதெண்டு இப்பதானே அத்தான் சொன்னவர்.

"ஓம்" எண்டன்.

"அதைக் கேட்டாப் பிறகுதான் எனக்குப் பயம் விட்டது. சிரிச்சுக்கொண்டுதான் உள்ளை போனனாம்." திரும்பவும் மூச்சு. "என்ன சொன்னனி? இந்தாள் ஒண்டையும் வடிவாச் சொல்லாது. எத்தினை தரம் கேட்டுப் பாத்திட்டன்."

மனுசன் என்னை ஒருக்காப் பாத்தார். பிறகு கையை நீட்டி முன் பெட்டியைத் திறந்து அந்தச் சுவிஸ் ஸ்டிக்கரை எடுத்தார். பின்பக்கத்துத் தாளை நகத்தாலை மெல்ல உரிக்கிறார். ரெண்டு கிழமை லீவு, ஒல்லாந்து வீடு, மேலாள், எல்லாம் எனக்கு ஒரு கணம் நினைவிலை வந்து போச்சு.

"வாறன் எண்டு சொன்னனான் அக்கா."

இஞ்சை தேர் இழுக்கத் துவங்கிட்டுது, அரோகரா எண்டு சனம் கத்துது. நான் போனைக் காதோடை இறுக்கிப் பிடிச்சன்.

"அப்ப வாவன்" எண்டா அக்கா. "இன்னும் அங்கை நிண்டு என்ன செய்யிறாய்?"